ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் சாரல்

பெரியப்பாவைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் எங்கள் நாய் படுத்திருந்தது. முன்னங்கால் இரண்டையும் நீட்டி, மூக்கைப் பெட்டியின் தகரத்தோடு ஒட்டி, கண்ணைப் பாதி மூடியிருந்தது. கேதம் கேட்க வந்தவர்கள் பெரியப்பாவின் முகத்தை ஒரு தரம் பார்த்தார்கள். நாயை இரண்டு தரம் பார்த்தார்கள்.

நல்ல சித்திரை மாதம். பாளையங்கோட்டையில் அன்று வாசல் பந்தலில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் எல்லாம் உட்கார்ந்த வேகத்தில் எழுந்தார்கள். வீட்டுக்குள் ரோஜா மாலை, ஊதுபத்தி, வியர்வை மூன்றும் கலந்து ஒரு வாசம். மின்விசிறி சூடான காற்றை எடுத்து எல்லோருக்கும் சமமாகப் பங்கு வைத்துக்கொண்டிருந்தது.

கடையத்திலிருந்து ஒரு அத்தை வந்திருந்தாள். எந்த வழியில் அத்தை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அழுது ஓய்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தவள், நாயைக் கண்டதும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் புதிதாக ஆரம்பித்தாள்.

"பெத்த பிள்ள இன்னும் வந்து சேரலியே, வாயில்லாச் சீவன் வந்து தலைமாட்டுல கெடக்கே."

அவ்வளவுதான். பெண்கள் பக்கம் முழுவதும் கூடச் சேர்ந்துகொண்டது. அதுவரை கால்மாட்டில் உட்கார்ந்திருந்த பெரியம்மை மெல்ல நகர்ந்து வந்து நாயின் தலையில் கை வைத்தாள். மூன்று வருடத்தில் அவள் அதைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். செத்தவருக்கும் அந்த நாய்க்கும் இருந்த உறவு என்னவென்று எனக்குத் தெரியும். நாய் எதற்காக அங்கே படுத்திருக்கிறது என்பதும் தெரியும்.

போன வாரம் குறுக்குத்துறையில் செருப்பைத் தொலைத்த கதையை எழுதும்போது, கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், எங்கள் நாய் ஒரு சாவு வீட்டில் பேர் வாங்கியது தனிக்கதை என்று ஒரு வரி எழுதிவிட்டேன். அன்றிலிருந்து எங்கள் பள்ளிக்கூட ஸ்டாஃப் ரூமில் நிம்மதி இல்லை. தமிழய்யா வந்து கேட்கிறார், பி.டி. மாஸ்டர் வந்து கேட்கிறார். கணக்கு வாத்தியார் எழுதினால் மீதி வைக்காமல் எழுத வேண்டாமா என்கிறார்கள். சரி, முடித்துவிடுகிறேன்.

சாரல் நேரத்தில் எடுத்த முடிவு

எங்கள் நாயின் பெயர் சாரல். குன்னூரில் இருக்கும் என் மைத்துனன் கொடுத்தது. குற்றாலத்தில் சீசன் களைகட்டி, அந்தக் காற்று பாளையங்கோட்டை வரை வந்து வேட்டியைத் தூக்கிக்கொண்டிருந்த ஒரு வாரத்தில், அவனுடைய காரின் பின் சீட்டிலிருந்து ஒரு பஞ்சு மூட்டை இறங்கியது. என் மகள் கோமதி அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். இந்த ஊர்க் காற்றே போதும் அத்தான், இது சுகமாக வளரும் என்று மைத்துனன் சொன்னான். ஊரே குளுகுளுவென்று இருந்ததால், முதலில் வேண்டாம் என்ற நானும் சேர்ந்து தலையாட்டினேன்.

திருநெல்வேலிக்காரர்கள் சாரல் நேரத்தில் எந்த முடிவும் எடுக்கக் கூடாது. அந்த ஒரு மாதம் மட்டும், சித்திரை என்று ஒன்று இருப்பதே நமக்கு மறந்துவிடும். சாரல் நேரத்தில் பெண் பார்த்து முடிவான இரண்டு கல்யாணங்கள் எங்கள் குடும்பத்தில் இருக்கின்றன. அவற்றைப் பற்றி இங்கே எழுத முடியாது. இரண்டு வீட்டிலும் இந்தப் பத்திரிகை வாங்குகிறார்கள்.

கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டு, ஹஸ்கி என்ற பனிநாட்டு நாயும் வேறு ஏதோ ஒன்றும் கலந்தது என்றார். அந்த வேறு ஏதோ ஒன்று எருமை என்பது என் மனைவி செண்பகத்தின் கட்சி. தண்ணீரைக் கண்டால் அப்படித்தான் போய் உட்காரும். ஞாயிற்றுக்கிழமை ஆற்றுக்குக் கூட்டிப்போனால், தாமிரபரணியில் கழுத்து வரை முங்கி உட்கார்ந்துகொண்டு எதிர்க்கரையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். கூப்பிட்டால் ஒரு காது மட்டும் அசையும். குளிக்க வந்தவர்கள் எல்லாம் குளித்து, துவைத்து, துணி காய்ந்து வீட்டுக்குப் போன பிறகும் நானும் அதுவும்தான் அங்கே இருப்போம்.

வீட்டில் ஃப்ரிட்ஜைத் திறந்தால் கதவுக்கும் தயிர்ச் சட்டிக்கும் நடுவில் அதன் தலை இருக்கும். மண்பானையைக் கட்டிக்கொண்டு தூங்கும். ஒரு நாள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியதைத் தெருத்தெருவாகத் தேடி, கடைசியில் முக்கில் இருக்கும் ஏடிஎம் அறைக்குள் கண்டுபிடித்தோம். யாரோ உள்ளே போகக் கதவைத் திறந்திருக்கிறார், இதுவும் கூடவே நுழைந்துவிட்டது. வெளியே ஆறு பேர் வெயிலில் வரிசையாக நிற்க, உள்ளே இது மல்லாந்து கிடந்தது. வரிசையில் நின்றவர்களில் ஒருவர் எங்கள் தலைமையாசிரியர். அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

பாசமுள்ள நாய்தான். காலையில் நான் பஸ் ஏறுகிற வரை நிறுத்தத்தில் கூட நிற்கும். சாயங்காலம் தெருமுனையில் என் தலை தெரிந்ததும் மாடிப்படியில் உருண்டு இறங்கி வரும். ஆனால் வந்து ஒரு தரம் முகர்ந்துவிட்டு, நேராகப் போய் ஏசி இருக்கும் அறையின் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அதன் பாசம் எங்கள் மேலா, ஏசி மேலா என்று எனக்கும் செண்பகத்துக்கும் ஒரு வழக்கு நெடுநாளாக நடந்துவந்தது. ஏசி மேல்தான் என்பது என் வாதம்.

மேற்படி நாய்

நாங்கள் குடியிருப்பது மாடியில். வீடு பெரியப்பாவுடையது, கீழே அவரும் பெரியம்மையும் இருந்தார்கள். அவர்களுடைய ஒரே பிள்ளை, எனக்கு அண்ணன் முறை, கனடாவில் இருக்கிறான். என் அப்பா காலமான பிறகு, தம்பி பிள்ளை வெளியில் வீடு தேடி அலையக் கூடாது என்று பெரியப்பாவாகவே மாடியைக் கொடுத்தார். நல்ல மனிதர். இதைச் சொல்லாமல் மேலே எழுதினால் அது அவருக்குச் செய்யும் துரோகம்.

ஆனால் கோர்ட்டில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டிலும் எதையும் எழுத்தில்தான் சொல்வார். ரசத்தில் உப்புக் கூடிவிட்டால், மறுநாள் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் 'நேற்றைய ரசம் தொடர்பாக' என்று ஒரு குறிப்பு அடுக்களையில் இருக்கும். பெரியம்மை அதைப் படித்ததே இல்லை. அடுப்பு பற்றவைக்க வைத்துக்கொள்வாள்.

பின்முற்றத்தில் அவருக்கென்று ஒரு சிமெண்டுத் தொட்டி. சாயங்காலமே கிணற்றுத் தண்ணீரை நிரப்பி மூடி வைப்பார். விடியும்போது அது உடம்பை வெட்டுகிற மாதிரி குளிர்ந்திருக்கும். அதில் குளித்து, திருநீறு பூசி, பூசையில் உட்காருவது அவருடைய வாழ்நாள் பழக்கம்.

சாரல் அந்த மூடியைத் தள்ளக் கற்றுக்கொண்டது. ஒரு நாள் விடியலில் பெரியப்பா இடுப்பில் துண்டும் கையில் செம்புமாகத் தொட்டிக்குப் போனால், உள்ளே ஒரு தலை. மறுநாள் மூடியின் மேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தார். அதற்கடுத்த நாள் குழவி கீழே கிடந்தது. பிறகு ஒரு வாரம், யார் முதலில் எழுந்திருப்பது என்று இரண்டு பேருக்கும் போட்டி. பெரியப்பா மூன்றரை மணிக்கெல்லாம் எழுந்து பார்த்தார். நாய் மூன்று மணிக்கே போயிருந்தது. அவர் அதை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "சவம்" என்றுதான் சொல்வார்.

பங்குனியில் காலண்டர் தாளில் எழுத்து மூலம் உத்தரவு வந்தது. 'மாடியில் வசிக்கும் மேற்படி நாயைச் சித்திரை முடிவதற்குள் வீட்டு எல்லையிலிருந்து அப்புறப்படுத்த வேண்டியது.' கீழே கையெழுத்து, தேதி. இன்னொரு பிரதியில் 'பெற்றுக்கொண்டேன்' என்று என்னிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

கோமதி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான் குன்னூருக்குப் போன் போட்டேன். சித்திரைக் கடைசியில் மைத்துனன் காரோடு வந்து கூட்டிப்போவதாக முடிவானது. நாய்க்கும் அதுதான் நல்லது, அங்கே குளிர் என்று பார்த்தவர்களிடம் எல்லாம் சொன்னேன். சொல்லிவிட்டு வரும் வழியில் அதற்கு ஐஸ் கட்டி வாங்கிக்கொண்டு வந்தேன். அது எனக்குப் பிடிக்கவே இல்லை, ஏனென்றால் நாயே வேண்டாம் என்று முதன்முதலில் சொன்னவன் நான்.

பெட்டி வந்தது

சித்திரை நடுவில் ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்த பெரியப்பா எழுந்திருக்கவில்லை. வலி இல்லை, ஆஸ்பத்திரி இல்லை. அண்ணன் கனடாவிலிருந்து வந்து சேர இரண்டு நாள் ஆகும் என்பதால் பேட்டையிலிருந்து ஐஸ் பெட்டி வரவழைத்தோம்.

கீழே பெரியப்பா கிடக்கும்போது மாடியில் ஏசி ஓடினால் சொந்தக்காரர்கள் என்ன பேசுவார்கள்? செண்பகம் ஏசியை அணைத்து, அறையைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். தொட்டித் தண்ணீர் வந்தவர்கள் கால் கழுவியதில் காலி. நாய்க்குப் போக்கிடமே இல்லாமல் போய்விட்டது. கயிற்றைக் கடித்துத் துண்டாக்கிவிட்டு இறங்கி வந்து, கூட்டத்துக்குள் புகுந்து, பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றியது. கால்மாட்டில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு விலகி, தலைமாட்டுக்கு வந்து படுத்தது. பெரியவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் படுக்கிறது என்றார்கள்.

பெட்டி கொண்டுவந்த இசக்கி அண்ணாச்சி, பேட்டையில் இதற்கென்றே ஷெட் வைத்திருப்பவர், என்னைப் பைய ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போனார்.

"சார், மிஷினு கால்மாட்டுல இருக்கு, அங்கன அனல் அடிக்கும். தலைமாட்டுத் தகரந்தான் சில்லுன்னு இருக்கும். நாயி வெவரமா எடம் பிடிச்சிருக்கு. நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்."

இரண்டு நாளும் அது அசையவில்லை. மத்தியான வெயிலில் அது என்றைக்குமே சாப்பிடாது. சோறு இறங்கவில்லை பாருங்கள் என்று அதற்கும் ஒரு சுற்று அழுகை நடந்தது.

அண்ணன் வந்து சேர்ந்தான். நீர்மாலைத் தண்ணீர் எடுத்து வந்து, பெரியப்பாவைப் பெட்டியிலிருந்து தூக்கி, குளிப்பாட்டக் கொண்டுபோனார்கள். நாய் பெரியப்பாவோடு போகவில்லை, பெட்டியோடு இருந்துகொண்டது. எழுந்திருக்கத் தெம்பில்லை என்று கடையத்து அத்தை விளக்கம் சொன்னாள்.

பெரியப்பாவை ஏற்றிய வண்டி ஆற்றங்கரையைப் பார்த்துத் திரும்பியது. பெட்டியை ஏற்றிய குட்டியானை என்கிற சின்ன லாரி பேட்டையைப் பார்த்துத் திரும்பியது. நாய் ஒரு கணமும் யோசிக்காமல் குட்டியானையில் தாவி ஏறி, பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. துக்கத்தில் திசை தெரியாமல் போகிறதே என்று யாரோ கண்ணைத் துடைத்தார்கள். நான் செத்தவருக்குத் தம்பி பிள்ளை. நாய்க்குப் பின்னால் ஓட முடியாது.

அண்ணன் கொள்ளி வைக்கும் நேரத்தில் என் இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. இசக்கி அண்ணாச்சிதான். ஷெட்டில் இன்னும் நாலு பெட்டி இருக்கிறதாம். நாய் ஒவ்வொன்றிலும் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றுமே ஓடவில்லை என்று அவரை முறைக்கிறதாம். ஆற்றில் முங்கிவிட்டு, ஈர வேட்டியோடு பேட்டைக்கு ஆட்டோ பிடித்தேன்.

வைரவர் அனுப்பிய ஆள்

பதினாறாம் நாள் முடிந்ததும் அண்ணன் அந்தக் காலண்டர் தாளை எடுத்தான். அப்பா கடைசியாக எழுத்தில் சொன்னது இதுதான், இதைச் செய்துவிடுவோம் என்றான். பெரியம்மை குறுக்கே வந்தாள். அப்படிக் கிடந்த சீவனை எப்படி அனுப்புவது, பார்ப்போம் என்று ஒரே வார்த்தைதான் சொன்னாள். வீட்டில் இனி அவள் சொல்வதுதான். அண்ணன் விமானம் ஏறினான், ஆனால் வாராவாரம் போனில் அதையே கேட்டான். குன்னூர்க் கார் மாதாமாதம் தள்ளிப்போய்க்கொண்டிருந்தது.

ஆக, எங்கள் நாய் வீட்டில் இருப்பது ஒரு பொய்யின் மேல். அந்தப் பொய்யை நான் சொல்லவில்லை, ஆனால் மறுக்கவும் இல்லை. கோமதி சிரித்துச் சாப்பிட ஆரம்பித்திருந்தாள். செண்பகம், நீங்க வாயைத் திறக்காம இருந்தாலே போதும் என்றாள். திறக்காமல்தான் இருந்தேன். ஆனால் பெரியம்மை சாயங்காலங்களில் தனியாக உட்கார்ந்து, அதன் தலையைத் தடவி, "அவுகளத் தேடுதியாலே?" என்று கேட்கும்போது நான் எழுந்து மாடிக்குப் போய்விடுவேன். பிள்ளைகளிடம் விடையை மட்டும் எழுதாதே, வழியையும் எழுது என்று தினம் கத்துகிறவன் நான்.

தெருவில் வேறு ஒரு கட்சி கிளம்பியிருந்தது. நாய் வைரவருக்கு வாகனம், அதுவும் சிவ பூசை செய்தவரின் தலைமாட்டில் வந்து படுத்திருக்கிறது என்றால் சும்மா வந்திருக்குமா என்று பேச்சு. பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் தினமும் வந்து சாரலின் நெற்றியில் திருநீறு பூசிவிட்டுப் போவார். ஒரு தேய்பிறை அஷ்டமிக்கு வடை மாலை போட்டார்கள். அது கழுத்தை வளைத்து மாலையைத் தின்று முடித்துவிட்டு, அடுத்த மாலைக்காக நின்றது.

புரட்டாசி வெக்கையில் எதிர் வீட்டுத் தாசில்தார் காலமானார். ஓய்வு பெற்று வெகுகாலமானவர். குட்டியானை தெருவுக்குள் திரும்பிய சத்தம் கேட்டதுமே, மாடியில் தூங்கிக்கொண்டிருந்த நாய் எழுந்து உட்கார்ந்தது. நான் பிடிப்பதற்குள் படி இறங்கிவிட்டது. செருப்பில்லாமல் பின்னாலேயே ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தபோது பெட்டியின் தலைமாட்டில் மூக்கை ஒட்டிக்கொண்டு படுத்தாயிற்று. இசக்கி அண்ணாச்சி என்னைப் பார்த்துவிட்டு மேலே உத்தரத்தைப் பார்த்தார்.

தாசில்தாருக்கும் சாரலுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. திருநீறு பூசுகிற பெரியவர் மட்டும் கைகூப்பினார். மற்றவர்கள் பெட்டியையும் நாயையும் மாறிமாறிப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

பெண்கள் நடுவில் பெரியம்மை இருந்தாள். நாயை வெகுநேரம் பார்த்தாள். பிறகு எழுந்துபோய், கால்மாட்டில் வியர்த்து வழிய உட்கார்ந்திருந்த தாசில்தார் மனைவியின் கையைப் பிடித்துத் தூக்கினாள். "இங்கன வந்து உக்காருளா" என்று தலைமாட்டில், நாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தாள். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வீட்டுக்கு நடந்தாள்.

குன்னூர்க் கார் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது, கோமதியின் முகமும் வந்து நின்றது. பெரியம்மையின் பின்னாலேயே போனேன். அவள் கூடத்தில் மின்விசிறியைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"பெரியம்மை, அன்னைக்கும் அது பெரியப்பாவுக்காகப் படுக்கல. குளிருக்குத்தான் படுத்துச்சு. எனக்கு மொதல்லயே தெரியும்" என்றேன்.

"எனக்கும் தெரியும்லே" என்றாள்.

எப்படி பெரியம்மை என்று கேட்டேன்.

"நான் மொதல்ல கால்மாட்டுலதான உக்காந்திருந்தேன். அனலு தாங்கல. அதத் தடவிக் குடுக்கலாம்னு அந்தப் பக்கம் நகந்தேன், சில்லுன்னு இருந்துச்சு. ரெண்டு நாளும் அங்கனயே இருந்துட்டேன்." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "அதுக்காக நான் அழலன்னு ஆயிருமாலே?"

இல்லை பெரியம்மை என்றேன். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

குன்னூருக்குப் போன் போடச் சொன்னாள். போட்டுக் கொடுத்தேன். இனிமேல் கார் எடுத்துக்கொண்டு வர வேண்டாம், அது இங்கே என்னோடுதான் இருக்கும், கனடாக்காரனிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்று மைத்துனனிடம் சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் போனை என் கையில் தந்தாள்.

பிறகு எதிர் வீட்டுக்கே திரும்பப் புறப்பட்டாள். வாசல்வரை போனவள் நின்று, தலைமாட்டில் இன்னும் ஒரு ஆள் உட்கார இடம் இருக்கிறது, செண்பகத்தைச் சீக்கிரம் வரச் சொல் என்றாள்.